மாளிகைத்திடல் பெரிய தெரு

மாளிகைத்திடலுக்குப் புதிதாக வருகிறவர்களைக் குழப்ப அந்த ஊர்க்காரர்கள் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. "தங்கையன் எங்கே?" என்று கேட்டால், "செட்டித்தெருவுல மருந்தடிச்சிட்டிருக்காரு" என்பார்கள். வந்தவர் செட்டித்தெருவைத் தேடி ஊரை இரண்டு சுற்று சுற்றுவார். ஊரில் இருப்பதே மூன்று தெரு. மூன்றிலும் ஒரு செட்டியார் வீடு கிடையாது. செட்டித்தெரு என்பது ஆறு ஏக்கர் நெல் வயல். அதை ஒட்டி யானைகட்டி, அதுவும் வயல். அப்புறம் தேர்முட்டி, கொட்டாரம், கடைசியில் வெட்டாற்றங்கரையில் ஆத்துவாசல். எல்லாம் வயல்தான், எல்லாவற்றிலும் நெல்தான்.

ஒரு காலத்தில் ராஜாவின் தலைநகரம் இங்கேதான் இருந்தது, தஞ்சாவூரெல்லாம் அப்புறம் வந்தது என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். எந்த ராஜா என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், கொஞ்சம் அழுத்திக் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். கல்வெட்டு இல்லை, கோபுரம் இல்லை. ஊருக்குத் தெற்கே ஒரு மண்மேடு இருக்கிறது. அதன் தலையில் பஞ்சாயத்துக் குடிநீர்த் தொட்டியும் மாதா சிலை வைத்த ஒரு கெபியும் இருக்கின்றன. தலைநகரத்தில் மிச்சம் அவ்வளவுதான்.

அந்த மேட்டின் அடிவாரத்தில், வடக்குப் பார்த்த வீட்டில் லின்சி தன் அப்பாவோடு இருந்தாள். தஞ்சாவூர் சர்வே ஆபீசில் அவளுக்கு வரைவாளர் வேலை. பதினாலு வருஷமாகப் புலப்படம் வரைந்து வரைந்து கண்ணாடியின் நம்பர் ஏறியிருந்தது. செட்டித்தெரு, யானைகட்டி என்று பழைய ரிஜிஸ்டரில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். ஏன் அந்தப் பெயர் என்று யோசித்ததில்லை. எல்லைக்கல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் போதும், வயலுக்கு என்ன பெயர் வைத்தால் என்ன என்கிற கட்சி அவள். அப்பா நடக்கத் தொடங்கும்வரை அப்படித்தான் இருந்தாள்.

அப்பா சவரியப்பன் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர். வெட்டாற்று மதகுகளின் ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும் வேலை. எந்த வாய்க்காலுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்பதெல்லாம் ஒரு காலத்தில் அவர் விரல் நுனியில் இருந்தது. எழுபத்தெட்டு வயதில் ஞாபகம் கழன்றது. முதலில் சாவி வைத்த இடம் மறந்தது. அப்புறம் மனைவி அருள்மேரி செத்துப்போனது மறந்தது. போன ஆவணியில் லின்சியே மறந்து போனாள். "நீங்க யாரும்மா, பஞ்சாயத்துல இருந்து வந்தீங்களா?" என்று கேட்டார்.

இதில் இன்னொரு கொடுமை. பிறந்ததிலிருந்து அவரை "வாப்பா, போப்பா" என்றுதான் அவள் கூப்பிட்டு வந்தாள். அந்த ஊரில் பெண் பிள்ளைகள் அப்படிக் கூப்பிடுவது செல்லம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருநாள் "சாப்பிட வாப்பா" என்றதும் சவரியப்பன் தட்டைத் தள்ளிவிட்டார்.

"என்னங்க இது, வயசுக்கு ஒரு மரியாதை வேணாமா? முன்னப்பின்ன தெரியாத ஆள வா போங்கிறீங்க?"

அன்றிலிருந்து அவளும் மாற்றிக்கொண்டாள். "வாங்க, உக்காருங்க, மாத்திரை போட்டுக்கங்க." பெற்ற அப்பனை விருந்தாளி மாதிரி கூப்பிடுவது முதல் வாரம் தொண்டையில் மீன்முள்ளாக உறுத்தியது. அப்புறம் பழகிவிட்டது. பழகியதுதான் அவளுக்கு அதிக வருத்தம்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டு வானதி வருவாள். கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆபீசிலிருந்து வந்து லின்சி வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக வானதி ஓடி வந்தாள்.

"அக்கா, பெரியப்பா நாலரை மணிக்குக் கெளம்பிட்டாரு. எங்க போறீங்கன்னா, லின்சிக்கு ஸ்கூல் விட்டுருக்கும், கூட்டியாரணும்னாரு. நடு வயல்ல எறங்கி நேரா போறாரு. நான் வரப்புல ஓடிப் போயி பிடிக்கிறதுக்குள்ள அவரே திரும்பி வந்துட்டாரு."

"சேத்துல விழுந்தாரா?"

"அதாங்க்கா எனக்கே புரியல. நீங்களே வந்து பாருங்க."

சவரியப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கார்த்திகை மழையில் வயலில் முழங்கால் வரை சேறு. அவருடைய காலில் சேறு இல்லை. கணுக்கால் வரை புழுதி படிந்திருந்தது, நல்ல சிவப்புப் புழுதி. நாலு பக்கமும் இருபது கிலோமீட்டருக்குக் கரிசலும் வண்டலும்தான் அங்கே. லின்சி ஈரத்துணியால் துடைத்தபோது துணி செங்கல் நிறமானது. அவள் அதை வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, கை கழுவிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் நாலரை மணிக்கு அதே கதை. ஒருநாள் கதவைப் பூட்டிப் பார்த்தார்கள். கிழவர் கதவைத் தட்டித் தட்டி விரல் முட்டியெல்லாம் ரத்தம். "மழை வருது, புள்ள தனியா நிக்கும்" என்று அழுதார். அன்றைக்குத்தான் லின்சியும் அழுதாள். இனிமேல் பூட்டுவதில்லை என்று முடிவு செய்தாள்.

அந்த அழுகைக்கு அவளுக்குக் காரணம் தெரியும். அவள் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு கார்த்திகை மழையில் மதகு ஷட்டர் ஒன்று இறங்காமல் சிக்கிக்கொண்டது. ஊரே முழுகும் என்கிற நிலை. நாலரை மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டிய அப்பா ஏழரைக்கு வந்தார். மற்றப் பிள்ளைகள் போய், டீச்சர்கள் போய், விளக்கும் அணைந்த வராந்தாவில் எட்டு வயது லின்சி மூன்று மணி நேரம் நின்றாள். அப்பா வந்து சைக்கிளில் தூக்கி வைத்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் முப்பத்தோரு வருஷமாகவும் அதைப் பற்றி அவர் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது. ஞாபகம் போன பிறகு அந்த வார்த்தைக்கு எங்கே போவது?

மஸ்கட்டில் இருந்த தம்பி லியோவுக்கு இதெல்லாம் போனில் கேட்கிற சமாச்சாரம். அவன் ஒரு ஜிபிஎஸ் வில்லையை வாங்கி அனுப்பினான். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டான்.

"ஆத்துப் பக்கம் ஒரு தடவ போனாலும் சரி, திருச்சியில ஹோம்ல சேத்துருவேன்க்கா. நீ குறுக்க வராத. செத்துப் போயி மெதக்கிறதப் பாக்கணுமா?"

லின்சி அந்த வில்லையை அப்பா கழுத்தில் மாட்டியிருந்த மாதா உத்தரியத்தின் துணியோடு சேர்த்துத் தைத்தாள். அவர் நடந்த தடம் தினமும் அவளுடைய போனில் நீலக் கோடாக விழுந்தது.

பத்து நாள் கோடுகளை ஒன்றாகச் சேர்த்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஊர்ப் புலப்படத்தின் மேல் போட்டுப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். வரைவாளரின் கண்ணுக்கு ஒன்று தெரியும். மனிதன் வயலில் நடந்தால் கோடு வரப்பைப் பின்பற்றும். கிறுக்கன் நடந்தால் கோணலாகப் போகும். இது இரண்டும் இல்லை. அடிவாரத்திலிருந்து வடக்கே, வரப்பு வாய்க்கால் எதையும் மதிக்காமல், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரே நேர்க்கோடு. போகும்போது இடது ஓரமாகப் போயிருந்தார், வரும்போது எதிர் ஓரமாக. இரண்டுக்கும் நடுவே எழுபத்திரண்டு அடி, பத்து நாளும் அதே எழுபத்திரண்டு. செட்டித்தெரு வயலில் இருபது அடிக்கு ஒருதரம் நின்றிருந்தார், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வார்த்தை பேசி நகர்வதைப்போல. யானைகட்டியில் சட்டென்று வெளியே விலகி, நீளமாக எதையோ சுற்றிக்கொண்டு மறுபடி ஓரத்துக்கு வந்திருந்தார். தேர்முட்டி வயலில் தெரு அகலித்து ஒரு சதுரமாகியது. அங்கே நாலு முக்கிலும் குறுக்குத் தெரு பிரிந்தது. அவர் ஒவ்வொரு முக்கிலும் நின்று இரண்டு பக்கமும் பார்த்திருந்தார். லின்சி தன்னையறியாமல் இரட்டைக் கோடு இழுத்து, இரு புறமும் மனைகளைக் கட்டம் கட்டினாள். மாலைக்குள் திரையில் ஒரு ராஜபாட்டை கிடந்தது.

அன்று இரவே அவள் அதை நம்பிவிட்டாள் என்று சொல்ல முடியாது. சர்வே ஆபீஸ்காரி, ஆதாரம் கேட்கும் புத்தி. ஊரில் டிரோன் வைத்து வயலுக்கு மருந்தடிக்கும் ஜாஃபர் சாதிக்கிடம், மேலிருந்து ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொன்னாள். மார்கழி பிறந்து கதிர் முற்றத் தொடங்கியிருந்த நேரம். அவன் போனை நீட்டும்போதே முகம் சரியில்லை.

"அக்கா, இத்தனை நாளா தாழத்தான் ஓட்டிட்டிருந்தேன், கவனிக்கல. உசரத்துல இருந்து பாத்தா ரோடு மாதிரி இருக்குக்கா."

பச்சை நெல்லின் நடுவே ஒரே அகலத்தில் மஞ்சள் பட்டை, மேட்டிலிருந்து ஆற்றங்கரை வரை போனது. குறுக்கே சின்னப் பட்டைகள் பிரிந்தன. பக்கத்தில் நின்ற தங்கையன் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன அதிசயம்?" என்றார். "அந்தத் தாக்கு எப்பவும் பத்து நாள் முந்திப் பழுக்கும். கீழ முச்சூடும் செங்கல்லு, வேர் எறங்காது. எங்க அப்பா காலத்துலயே ஏர் போனா கொழு ஒடையும்."

லின்சி போட்டோவைத் தன் வரைபடத்தின் மேல் வைத்தாள். எங்கேயும் ஒரு அடிகூட மாறவில்லை.

அவளைப் பயமுறுத்தியது அதுகூட இல்லை. ஒவ்வொரு நாளும் அப்பா திரும்பும் இடம் முந்தின நாளைவிட முப்பது முப்பத்தைந்து மீட்டர் வடக்கே தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. மீதித் தூரத்தைக் கணக்குப் போட்டாள். ஜனவரி மூன்றாம் தேதி அவர் ஆத்துவாசல் வயலைத் தாண்டுவார். அதற்கு அப்புறம் கரை, கரைக்கு அப்புறம் இரண்டு ஆள் ஆழத்துக்கு ஓடுகிற வெட்டாறு. அவருடைய தெரு அதோடு நிற்குமா, நிற்காதா என்று அந்த வரைபடத்தில் இல்லை.

ஜனவரி மூன்றாம் தேதி அரை நாள் லீவு போட்டுவிட்டு, நாலரை மணிக்கு அவரோடு கிளம்பினாள். கிறிஸ்துமஸ் ஸ்டார் இன்னும் வாசலில் தொங்கியது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, ரொம்பப் பொறுப்பாக இறங்கினார். அவள் பின்னாலேயே போனாள். கதிர் இடுப்பு உயரம் இருந்தது. அவர் போன பாதையில் ஒரு கதிர் சாயவில்லை. அவளுக்கோ அடிக்கு அடி தாள் காலைப் பின்னியது, செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. செருப்பை விட்டுவிட்டு நடந்தாள்.

"கூட வர்றீங்களா? வாங்க, நல்லதாப் போச்சு" என்றார் அப்பா. "இந்தப் பக்கமா வாங்க. நடுவுல போகாதீங்க, நடுப்பாதை அவுங்களுக்கு."

"யாருக்குங்க?"

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "அரமனை ஆளுங்களுக்கு. நம்மள மாதிரி ஆளுங்க ஓரமாத்தான் போவணும்."

பேசிக்கொண்டே போனார். ஆசாமிக்கு வீட்டில் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல வராது. இங்கே மடை திறந்த மாதிரி வந்தது. இது எண்ணெய் விக்கிறவங்க வீடு, வாசல்ல வழுக்கும். இது கொட்டாரம், நெல்லு அளக்குற எடம், சத்தம் கேக்குது பாருங்க. இந்த வீட்டுக்காரரு வடக்க சண்டைக்குப் போயி வரல, அந்தம்மா இன்னும் வெளக்க வாசல்லயே வெச்சிருக்கு. லின்சி பார்த்த இடத்திலெல்லாம் கதிர்தான் இருந்தது. ஆனால் காற்றில்லாத நேரத்தில் அந்தக் கதிர் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக் கொடுத்துக்கொண்டிருந்தது. யாரோ எதிரே வந்து இவர்களைக் கடந்து போகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கீழே பார்த்தபோது தன் வெறுங்காலிலும் சேறு இல்லை என்பது தெரிந்தது. புழுதி சூடாக இருந்தது.

ஆத்துவாசலில் அவர் நின்றார். எதிரே கரை மேடு, அதன் மேல் காட்டாமணக்குச் செடிகள். ஆற்றின் இரைச்சல் கேட்டது.

"ஸ்கூலு அந்தாண்டதான்" என்று கரையில் ஏறப் போனார்.

லின்சி குறுக்கே போய் நின்றாள். "அங்க தண்ணிங்க. போகாதீங்க."

"புள்ள நிக்கும்மா. எத்தன நாழி நிக்கும்? நகருங்க."

தள்ளினார். எழுபத்தெட்டு வயது உடம்பில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ, அவள் மண்டியிட்டு விழுந்தாள். அவர் கரையில் பாதி ஏறிவிட்டார். அந்த நேரத்தில் அவளுக்கு என்ன தோன்றும்? வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ஐயா! லின்சி இங்க நிக்கிறா! திரும்பிப் பாருங்க, தேர்முட்டியில நிக்கிறா பாருங்க. நீலப் பாவாடை, ரெட்டச் சடை!"

அவர் திரும்பினார். கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தெருவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நிக்கிறா" என்றார் மெதுவாக. "நீலம் இல்லீங்களே. பச்சைதான கட்டியிருக்கா." கொஞ்சம் யோசித்தார். "நனைஞ்சிருக்கும், யாராச்சும் மாத்திக் கட்டி விட்டிருப்பாங்க."

இறங்கி வேகமாக நடந்தார். தேர்முட்டியில் குனிந்தார். கதிருக்கு நடுவே கையை நீட்டி, எதையோ பிடித்து, நிமிர்ந்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் அவருடைய வலது கை ஒரு சின்னக் கையைப் பொத்திய மாதிரி வளைந்தே இருந்தது. அடிக்கொரு தரம் நடையைக் குறைத்துக்கொண்டார். பின்னால் வந்த லின்சிக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாள் பட்டதெல்லாம் ஒரு பொய்யில் தீர்ந்தது, இந்தப் பொய்யை முன்பே சொல்லியிருக்கலாமே என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். பச்சைப் பாவாடையைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

வீடு தெரிந்ததும் அவள் முந்திப் போய் கதவைத் திறந்து வைத்தாள். அப்பா படியேறாமல் வாசலில் நின்றார். தயங்கித் தயங்கி உள்ளே பார்த்தார். அவள் தினமும் சொல்கிற வார்த்தைதான், பழக்கத்தில் வந்தது.

"வாங்க. உள்ள வாங்க."

அப்பா சிரித்தார். தன் கைக்குக் கீழே குனிந்து, "கூப்பிடுறாங்கல்ல, வா" என்றார்.

இரண்டு பேர் படியேறினார்கள். கிழவரின் கனத்த காலடி ஒன்று, அதன் கூடவே ஓடினாற்போல ஒரு சின்னக் காலடி. லின்சி கதவைப் பிடித்தபடி நின்றாள். அவள் இடுப்பை ஒட்டி ஒரு சூடு உரசிக்கொண்டு உள்ளே போயிற்று.

அப்புறம் எத்தனை நாள் அதையே நினைத்தாள். பழைய லின்சியாக இருந்திருந்தால் "வாப்பா" என்றிருப்பாள். வாப்பா என்றால் அப்பா ஒருத்தர்தான் வர முடியும். வாங்க என்றால் மரியாதைக்கும் அதுதான், இரண்டு பேருக்கும் அதுதான், இருபது பேருக்கும் அதுதான். வீட்டுக்காரி வாயால் அழைத்தாகிவிட்டது. அழைத்தவளே எப்படிப் போகச் சொல்வது?

மறுநாள் நாலரை மணிக்குச் சவரியப்பன் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வேளைக்குச் சாப்பிட்டார், மாத்திரை போட்டுக்கொண்டார், முகத்தில் தெளிவு வந்தது. வீடியோ காலில் பார்த்த லியோ, "ஹோமெல்லாம் வேணாம்க்கா, அப்பா நல்லாயிட்டாரு" என்றான். அப்பா இரண்டு தட்டு கேட்டதை அவள் அவனிடம் சொல்லவில்லை. காலையில் கட்டிலைச் சுற்றித் தரையில் செம்புழுதிக் கால் தடங்கள் இருந்தன, அவளுடைய உள்ளங்கை அளவுக்கு. வானதி இரண்டு நாள் அதைத் துடைத்தாள். மூன்றாம் நாள், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று போனவள் வரவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

லின்சி ஆபீசுக்கு நீண்ட லீவு போட்டாள். அப்பா அவளைக் கண்டால் மரியாதையாகச் சிரிப்பார். ஒருநாள் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்.

"நீங்களும் எத்தன நாளைக்கு உங்க வீட்ட விட்டுட்டு இங்க கெடப்பீங்க? பொண்ணு வந்துட்டா, இனிமே அவ பாத்துக்குவா. நீங்க கெளம்புங்கம்மா."

"நாந்தான்ப்பா லின்சி" என்றாள். அவர் கட்டிலின் வெறும் பக்கத்தைப் பார்த்து, இந்தம்மா பாவம் என்பதுபோலத் தலையாட்டினார்.

பொங்கல் கழித்துத்தான் அந்தக் குரல் கேட்கத் தொடங்கியது. தேர்முட்டிப் பக்கமிருந்து, ஆம்பளைக் குரல், மாலை நேரத்தில். ஒரு பெயரை இழுத்துக் கூப்பிடும், நிறுத்தும், பதிலுக்குக் காத்திருக்கும், மறுபடி கூப்பிடும். என்ன பெயர் என்று பிடிபடவில்லை. தமிழ்தான், ஆனால் இப்போது யாரும் வைக்காத பெயர். தங்கையனுக்கும் கேட்டது.

"எவனோ ஆட்டத் தொலைச்சிட்டுத் தேடுறான் போலருக்கு" என்றார். "அறுப்பு மெஷின் சத்தத்துலயும் கேக்குதும்மா. யாருன்னு போயிப் பாத்தா ஆளக் காணோம்."

ஆடு இல்லை என்று லின்சிக்குத் தெரிந்தது. பிள்ளையைக் கூட்டிப் போகத் தாமதமாக வந்த ஒரு அப்பன் அவன். தேர்முட்டியில் நிற்கச் சொல்லிவிட்டுப் போயிருப்பான். வந்து பார்த்தால் பிள்ளை இல்லை. யாரோ ஒரு பொம்பளை கை நீட்டிக் காட்டிக் கொடுத்துவிட்டாள், யாரோ ஒரு கிழவன் அழைத்துக்கொண்டு போய்விட்டான். இருட்டுகிற வராந்தாவில் நின்ற எட்டு வயது அவளுக்கு மறக்கவில்லை. அந்த மூன்று மணி நேரமும் அவள் கேட்க ஏங்கியது இப்படி ஒரு குரலைத்தான்.

ஒரு முழு நாள் அவள் தன்னோடு மல்லுக்கட்டினாள். பிள்ளையைத் திருப்பி விட்டால் அப்பா மறுபடி நடப்பார், இந்தத் தடவை கரையில் நிற்க மாட்டார். விடாமல் வைத்துக்கொண்டால் அந்தக் குரல் ஓயாது. கடைசியில் மனசு ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்தவன் பிள்ளை, நமக்கு வேண்டாம். நாளைக்கே தேர்முட்டிக்குக் கூட்டிப் போய் விட்டுவிடுவது, அப்பாவுக்குப் பக்கத்திலேயே காவல் இருந்துகொள்வது என்று முடிவு செய்தாள். கூப்பிட்டது அவள்தான், போய் வா என்று சொல்லும் உரிமையும் அவளுக்குத்தான்.

மறுநாள் சாயங்காலம் அப்பாவின் அறைக்குப் போனாள். ஜன்னல் திறந்திருந்தது. அறுத்த வயலைத் தாண்டிக் குரல் வந்துகொண்டிருந்தது, முன்பைவிடக் கிட்டத்தில். அப்பா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, பக்கத்துத் தலையணையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தலையணையில் ஒரு சின்னக் குழிவு இருந்தது. அவர் பேசுவது கேட்டு லின்சி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அன்னிக்கு ஷட்டரு எறங்கலம்மா. நான் வுட்டுட்டு வந்திருந்தா ஊரு போயிருக்கும். ஆனா ஒன்னத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். சைக்கிள்ள வர்றப்ப சொல்லணும்னு இருந்திச்சு, வாய் வரல. அப்பாவ மன்னிச்சிரு லின்சி. லேட்டாயிருச்சு."

முப்பத்தோரு வருஷத்து வார்த்தை. லின்சிக்குக் கண்ணீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை.

"பரவால்லப்பா" என்றாள்.

சவரியப்பன் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, கொஞ்சம் சங்கடம் மட்டும்.

"ஒங்கள சொல்லலம்மா" என்றார். "இது எங்களுக்குள்ள."

மறுபடி தலையணைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய நெஞ்சின் மேல் சட்டைத்துணி ஒரு சின்னக் கை அளவுக்கு அழுந்தியது. "அழுவாத" என்றார் அவர். "நான் எங்கயும் போகல." இன்னும் சொல்ல நிறைய வைத்திருந்தார். ஆரம்பித்துவிட்டார்.

வெளியே அந்த ஆள் வேலிக்கு அருகில் வந்துவிட்டான் போலிருந்தது. பெயரை இப்போது தெளிவாகவே கூப்பிட்டான். லின்சி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஜன்னலிடம் போய் இரண்டு கதவையும் சாத்தி, கொக்கி போட்டு, சத்தம் கேட்காமல் இருக்க ஃபேனை ஐந்தில் வைத்தாள். அப்புறம் கட்டிலுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, அப்பா சொல்வதைக் கேட்கத் தொடங்கினாள்.